தீக்குப் பதிலாகப் பயணச்சீட்டு: உடுமலை நாராயணகவியின் இரயிலும் குடித்த பயணியும்

ஆய்வுச் சுருக்கம்

1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் ஊர்தியாக இரயிலைப் போற்றுகிறது. அதே திரைப்படம் மதுவிலக்கையும் வலியுறுத்துகிறது. இவ்விரு கூறுகளும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது, இரயிலில் குடித்திருக்கும் பயணியை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் கேள்விக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இரயில்வே சட்டங்களின் வாசகம், பொதுப்பெட்டிப் பயணம், மகளிர் பெட்டி ஆகியவை அவ்வளவுகோலைக் கொண்டு இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உடுமலை நாராயணகவி, கிந்தனார், நந்தனார், மதுவிலக்கு, இரயில் பயணம், பொதுவெளி, மகளிர் பெட்டி

1. முன்னுரை

உடுமலை நாராயணகவி 1899-இல் உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூளவாடியில் பிறந்தார். திண்டுக்கல்லையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் மீட்டர்கேஜ் பாதை உடுமலை வழியாக 1928-இல் திறக்கப்பட்டது. ஆகவே, தமிழ்த் திரையில் இரயிலைச் சமத்துவத்தின் ஊர்தியாகப் பாடிய கவிஞர், இரயில் எட்டாத ஊரில் பிறந்து, ஏறத்தாழ முப்பது வயதில் தம் ஊருக்கு இரயில் வந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். இந்தச் செய்தி அவருடைய பாடலுக்கு நேரடி விளக்கமாகாது. ஆயினும், இரயிலைப் புதுமையாகக் கண்டவர்களின் வியப்பு அப்பாடலில் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை அது ஓரளவு உணர்த்துகிறது.

இன்று உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் காலத்து மீட்டர்கேஜ் பாதை அகற்றப்பட்டு, பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே 2015-இல் அகலப்பாதையில் போக்குவரத்து தொடங்கியது. பின்னலாடைத் தொழிலின் தலைநகரான திருப்பூருக்கு உடுமலையிலிருந்து நேரடி இரயில் பாதை இல்லை. அங்கே பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்தார் பலர், சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கியபின் பேருந்தில் உடுமலைக்கோ கோவைக்கோ வந்து இரயிலேறி ஊருக்குச் செல்கின்றனர். அப்பயணங்களில் அடிக்கடி எழும் முணுமுணுப்பு ஒன்று உண்டு. பெட்டியில் எவரேனும் குடித்துவிட்டு ஏறியிருக்கிறார். அவரை என்ன செய்வது?

இக்கேள்வி பெரும்பாலும் ஒழுக்கம் சார்ந்த புகாராகவோ காவல்துறை சார்ந்த சிக்கலாகவோ மட்டுமே கருதப்படுகிறது. இது அடிப்படையில் பொதுவெளி பற்றிய கேள்வி என்றும், தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் அதற்குரிய மிகக் கூர்மையான பனுவல் ‘கிந்தனார்’ என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

2. நந்தனின் தீயும் கிந்தனின் சீட்டும்

‘கிந்தனார்’ நந்தனார் கதையின் பகடி. பகடியின் ஆழம் விளங்க மூலத்தைச் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தன் திருநாளைப்போவார் ஆகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழும் அவர் தில்லைக்குச் செல்ல விழைகிறார். தம் பிறப்பை எண்ணித் தயங்குகிறார். நாளைப் போவேன் என்று நாளைக் கடத்துகிறார். தில்லையை அடைந்தபின்னும் உள்ளே நுழையத் தீயில் மூழ்க வேண்டியிருக்கிறது. தீயிலிருந்து அவர் எழுவது முப்புரிநூல் அணிந்த முனிவராக. அதாவது, உள்ளே செல்பவர் ஆதனூர் நந்தன் அல்லர். வேறொருவராக மாற்றப்பட்ட நந்தன். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இதனோடு வேதியராகிய நிலவுடைமையாளரையும் சேர்த்தது. அங்கே பயணத்திற்கு ஆண்டையின் அனுமதி முதல் தடை. தீ இறுதித் தடை.

நாராயணகவியும் கலைவாணரும் செய்த மாற்றம் எளிமையானது. அதன் விளைவு பெரிது. நந்தன் கிந்தனாகிறான். கோயிலைக் காணும் ஏக்கம் கல்வியையும் நகரத்தையும் காணும் ஏக்கமாகிறது. நந்தன் கோபுரத்தைக் கண்டு உருகும் இடத்தில் கிந்தன் இரயிலைக் கண்டு வியக்கிறான். சக்கரங்களின் ஓசையும் புகையும் அவனை ஈர்க்கின்றன. ஆனால் அவன் இரயிலை வணங்கத்தக்கதாகக் காண்பதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமன்று. பிராமணரையும் ஒடுக்கப்பட்ட சாதியாரையும் அது வேறுபாடின்றி ஒருங்கே ஏற்றிச் செல்கிறது. கோயில் செய்யாததை இரயில் செய்கிறது என்பதே பகடியின் மையம்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. நந்தன் உள்ளே நுழையத் தீ வேண்டியிருந்தது. கிந்தன் ஏறச் சீட்டு போதும். சீட்டு, ஏறுபவரின் பிறப்பையோ தூய்மையையோ கேட்பதில்லை. அவர் வேறொருவராக மாற வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதுமில்லை. கட்டணம் செலுத்தினாரா என்பது மட்டுமே அதன் கேள்வி. பிற்கால வாசகருக்கு இது வறண்ட வணிக உறவாகத் தோன்றலாம். நந்தன் கதையின் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது அந்த வறட்சியே விடுதலையாகிறது. தகுதியை ஆராயாத ஒரு வாசல் தமிழ் மண்ணில் புதிது.

3. பெட்டியும் பந்தியும்

அப்பாடல் இரயிலை மிகையாகப் புகழ்கிறதா? வரலாற்று நோக்கில் ஓரளவு மிகையே. இரயிலில் சாதி மறைந்ததாகச் சொல்லப்பட்ட காலத்திலேயே இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941-இல்தான் அப்பாகுபாடு நீக்கப்பட்டது. ‘நல்லதம்பி’ வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகளே முன்பு நிகழ்ந்த மாற்றம் அது. பெட்டி பொதுவான பின்னும் பந்தி பொதுவாகவில்லை என்பதை அன்றைய பார்வையாளர் நன்கு அறிந்திருப்பர். ஆகவே அப்பாடலை நடப்பின் வருணனையாகக் கொள்வதினும், இரயில் தன் இயல்பால் எதைச் செய்ய வேண்டியதோ அதை நினைவூட்டும் கோரிக்கையாகக் கொள்வதே பொருந்தும்.

மற்றொரு வரம்பும் உண்டு. சாதியைக் கேட்காத சீட்டு, பணத்தைக் கேட்டது. முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் இருந்தன. கிந்தன் ஏறக்கூடியது மூன்றாம் வகுப்பு. அவ்வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் பற்றிக் காந்தியடிகள் 1917-இலேயே விரிவாக எழுதினார். நிர்வாகத்தைக் கண்டித்த அவர், எச்சில் துப்புதல் முதலிய பயணிகளின் பழக்கங்களையும் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974-இல் மறைந்தது. அதன் இடத்தை இன்று முன்பதிவற்ற பொதுப்பெட்டி வகிக்கிறது.

இலக்கியமும் அந்தப் பெட்டியைத் தொடர்ந்து கவனித்திருக்கிறது. தென்காசி இரயில் நிலையத்தில் சந்திக்கும் அயலாரின் குடும்பச் சிக்கலை அக்கறையோடு கேட்கும் பாரதியாரின் ‘ரயில்வே ஸ்தானம்’, கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் சிறுமியிடம் ஒரு சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தை நீட்டும் தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ஆகிய இரண்டும், முன்பின் அறியாதவர்கள் சில மணி நேரம் அருகருகே அமர்வதால் மட்டுமே நிகழக்கூடிய கதைகள். பிறர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்காதீர் என இன்று நிலையங்களில் ஒலிக்கும் எச்சரிக்கையோடு ‘சிலிர்ப்பு’ கதையை ஒப்பிட்டால், அயலார் மீதான நம்பிக்கை எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும். அந்த நம்பிக்கையை நாள்தோறும் சோதிப்பவர்களுள் ஒருவர் குடித்த பயணி.

4. மதுவிலக்குப் படத்தில் ஓர் இரயில்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937-இல் இராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘நல்லதம்பி’ அச்சூழலின் படைப்பு. சி.என். அண்ணாதுரை கதை உரையாடல் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்தில், எதிர்பாராமல் ஜமீன் சொத்துக்கு உரியவனாகும் எளியவன் ஒருவன் அதைச் சீர்திருத்தப் பணிகளுக்குத் திருப்புகிறான். குடியை விடுமாறு மக்களிடம் பேசுவது அப்பணிகளுள் முதன்மையானது.

இவ்வாறு ஒரே படத்தில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ஏறுவதற்குத் தகுதி எதுவும் வேண்டா என்கிறது இரயில் பாட்டின் குரல். குடியை விட்டு மாறி வா என்கிறது மதுவிலக்கின் குரல். முதற்குரல் நிபந்தனையற்றது, இரண்டாவது மாற்றத்தைக் கோருவது. நந்தன் கதையின் சொற்களில் சொன்னால், முதலாவது சீட்டு; இரண்டாவது தீயை நினைவூட்டுவது.

இந்த முரண் தற்செயலானதன்று. மதுவிலக்குப் பேச்சின் வரலாற்றில் கேட்பவர் எப்போதும் கூலித்தொழிலாளியே. கூலிப் பணம் கள்ளுக்கடைக்குப் போகிறது, பிள்ளைகள் பசியோடிருக்கின்றனர் என்னும் வாதம் உண்மையானது. குறிப்பாகப் பெண்களின் வாழ்வனுபவத்திலிருந்து எழுந்தது. எனினும் அவ்வாதம் மெல்ல நகர்ந்து, ஒழுக்கமானவருக்கே உரிமை என்னும் முடிவை எட்டும் ஆபத்து உண்டு. குடிப்பவன் என்னும் அடையாளம் பல வேளைகளில் சாதிக்கும் வர்க்கத்திற்கும் மாற்றுப் பெயராகப் பயன்பட்டிருக்கிறது. அழுக்குச் சட்டையும் உரத்த பேச்சும் உள்ளவர் குடித்திருப்பார் என ஊகிக்கப்படுகிறார். இந்த ஊகம் பெட்டியின் வாசலில் நிற்குமாயின், தில்லையின் தீ மீண்டும் மூட்டப்பட்டதாகவே பொருள்.

மறுபுறம், குடித்தவர் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வதே சமத்துவம் என்றும் கொள்ள இயலாது. தூங்கும் குழந்தையின் மேல் சாய்பவர், எதிரில் இருக்கும் பெண்ணிடம் ஆபாசமாகப் பேசுபவர், மூவர் அமரும் இருக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டு எழ மறுப்பவர் ஆகியோர், சீட்டு மற்றவருக்குத் தந்த இடத்தைப் பறிக்கின்றனர். கிந்தனின் வியப்புக்குரிய பொருள் தனி ஒருவரின் பயணம் அன்று; சேர்ந்து செல்லுதல். சேர்ந்து செல்லுதலைக் குலைப்பவர் அப்பாடலின் இரயிலைக் குலைக்கிறார்.

ஆகவே இரண்டு குரல்களையும் பின்வருமாறு இணைத்து வாசிக்கலாம். ஏறுவதற்குச் சீட்டைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. ஏறிய பின், சீட்டு பிறருக்குத் தந்ததைத் தான் எடுத்துக்கொள்ளாமை என்பதைத் தவிர வேறு கடமை இல்லை. மதுவிலக்கை ஒழுக்கத் தகுதியாக அன்றி, உடன்பயணியின் இருக்கைக்கான பொறுப்பாக மாற்றி வாசிப்பது இது. திரைப்படம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் இரு பகுதிகளையும் ஒன்றையொன்று மறுக்காதபடி நிறுத்தக்கூடிய வாசிப்பு இதுவே.

5. சட்டத்தின் சொற்கள்

இந்த அளவுகோலைக் கொண்டு சட்டத்தைப் பார்க்கலாம். 1890-ஆம் ஆண்டு இந்திய இரயில்வே சட்டத்தின் 120-ஆம் பிரிவு மூன்று செயல்களை ஒன்றாக நிறுத்தியது: குடிபோதை நிலையில் இருத்தல்; தொல்லை கொடுத்தல், அநாகரிகமாக நடத்தல் அல்லது ஆபாசமாகப் பேசுதல்; வேண்டுமென்றே பயணியின் வசதியைக் கெடுத்தல் அல்லது விளக்கை அணைத்தல். தண்டனை ஐம்பது ரூபாய் வரை அபராதம். விளக்கை அணைத்தல் என்னும் சொற்றொடர் அக்காலப் பெட்டியின் அச்சத்தை நன்கு காட்டுகிறது. ஒருவரையொருவர் பார்க்க இயலும் வரைதான் அயலார் பயணிகளாக இருப்பர். இருளில் அவர்கள் ஆபத்தாகிவிடுவர்.

1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவு இந்த அமைப்பைப் பெரும்பாலும் தொடர்கிறது. குடிபோதை நிலை, தொல்லையும் ஆபாசமும், வசதிகளில் குறுக்கிட்டுப் பயணத்தைக் கெடுத்தல் என்பன அதன் மூன்று கூறுகள். இரயில்வே ஊழியர் எவரும் அத்தகையவரை அகற்றலாம், சீட்டு பறிமுதலாகும், ஆறு மாதம் வரை சிறையும் 500 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தக்க காரணம் இல்லாத நிலையில் முதல் குற்றத்திற்கு 100 ரூபாயும், அடுத்தடுத்த குற்றங்களுக்கு ஒரு மாதச் சிறையும் 250 ரூபாயும் குறைந்த அளவுத் தண்டனை.

இப்பிரிவில் இரண்டு வேறுபட்ட தருக்கங்கள் கலந்துள்ளன. இரண்டாம், மூன்றாம் கூறுகள் செயலைத் தண்டிக்கின்றன. அவற்றில் பாதிக்கப்படும் உடன்பயணி ஒருவர் இருக்கிறார். முதற்கூறு நிலையைத் தண்டிக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர் எவரும் இருக்க வேண்டிய தேவை இல்லை. குடித்துவிட்டுச் சன்னலோரம் உறங்குபவரும், குடித்துவிட்டுப் பெண்ணைத் துன்புறுத்துபவரும் ஒரே பிரிவில் ஒரே தண்டனைக்கு உரியவராகின்றனர்.

இதனோடு புகைத்தல் பற்றிய 167-ஆம் பிரிவை ஒப்பிடுவது பயன்தரும். அப்பெட்டியில் உள்ள வேறொரு பயணி மறுப்புத் தெரிவித்தால் புகைத்தல் கூடாது என்பது அதன் முதல் விதி. இரயில் நிர்வாகம் முழுமையாகவே தடைசெய்யலாம் என்பது அடுத்தது. முதல் விதியில் சட்டம் உடன்பயணியின் வாய்க்குச் சொல் தருகிறது. அருகில் இருப்பவருக்கு இது ஒப்புமா என்று கேட்கும் பொறுப்பு புகைப்பவருடையது. குடிபோதை பற்றிய பிரிவில் அந்தக் குரல் இல்லை. தீர்மானிப்பவர் ஊழியர், உடன்பயணி வெறும் காட்சியாளர். புகையின் தீங்கை அறிந்த இன்று முழுத் தடையே சரி என்பதில் ஐயமில்லை. இங்கே சுட்டப்படுவது விதியின் முடிவு அன்று, அதன் இலக்கணம். ஒரு செயலின் தவறு அருகில் இருப்பவரைக் கொண்டு அளக்கப்படுகிறதா, செய்பவரின் தகுதியைக் கொண்டு அளக்கப்படுகிறதா என்பதே வேறுபாடு.

மேலும் ஒரு முரண் கவனத்திற்குரியது. 1983-இல் நிறுவப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையையும் தன்வசம் கொண்டுள்ளது. விற்பது மாநில அரசின் நிறுவனம். விற்றதைக் குடித்தவரை இறக்கிவிடும் அதிகாரம் ஒன்றிய அரசின் இரயில்வே ஊழியருக்கு. மதுவிலக்குக் காலத்தில் அரசு ஒரே குரலில் பேசியது. இன்று நிலையத்திற்கு வெளியே ஒரு குரலிலும் உள்ளே மற்றொரு குரலிலும் பேசுகிறது. இரண்டு குரல்களுக்கும் நடுவே அகப்படுபவர் ஒருபுறம் கூலித்தொழிலாளி. மறுபுறம் அவர் அருகே அமர நேர்ந்தவர்.

6. பொதுப்பெட்டியில் கண்டது

இக்கட்டுரையாளர் உடுமலையிலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்று வரும் பயணங்களில் கண்ட இரண்டு காட்சிகள் இவ்விடத்தில் பொருந்தும். இவை புள்ளிவிவரம் அல்ல. வாதத்தைத் தெளிவாக்கும் எடுத்துக்காட்டுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழனி மார்க்கமாகச் செல்லும் வண்டியின் பொதுப்பெட்டியில், நடுத்தர வயதுடைய ஒருவர் தள்ளாடியபடி ஏறினார். தோளில் கம்பெனிப் பை. பழைய திரைப்பாடல் ஒன்றை உரக்கப் பாடினார். இடம் கொடுக்க எவரும் முன்வரவில்லை. இளைஞர் இருவர் அடுத்த நிலையத்தில் அவரை இறக்கிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டனர். அப்போது எதிர் இருக்கையில் இருந்த முதிய பெண்மணி ஒருவர் அவரைக் கையசைத்து அழைத்தார். “ஏங்கண்ணு, டிக்கெட்டு எடுத்திருக்கறயா? எடுத்திருந்தீன்னா உக்காரு. மத்தவங்களயும் உக்கார உடு” என்றார். அவர் சட்டைப்பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்துக் காட்டினார். அப்பெண்மணி தள்ளி அமர்ந்து, தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பாட்டு நின்றது. ஒட்டன்சத்திரம் வரும்வரை அவர் உறங்கினார்.

மற்றொரு பயணம் குளிர்சாதனப் பெட்டியில். நன்கு உடுத்திய நால்வர் குளிர்பானப் பாட்டிலில் கலந்து வைத்திருந்த மதுவை, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு இரவு நெடுநேரம் குடித்தனர். சிரிப்பும் பேச்சும் பெட்டி முழுவதும் கேட்டன. மேல் படுக்கையில் தனியாக இருந்த ஒரு பெண் விளக்கை அணைக்காமலே படுத்திருந்தார். எவரும் எதுவும் சொல்லவில்லை. இக்கட்டுரையாளரும் சொல்லவில்லை. 139 என்னும் உதவி எண் சுவரில் எழுதியிருந்தது. அழைத்தால் அந்நால்வரும் யார் அழைத்தது என்று தேடுவர் என்னும் எண்ணமே கையைத் தடுத்தது.

இவ்விரு காட்சிகளிலும் குடி பொதுவானது, மதிப்பீடு வேறுபட்டது. பொதுப்பெட்டியில் ஏறியவரின் நிலை உடனே கண்ணில் பட்டது. இறக்கிவிடும் பேச்சும் உடனே எழுந்தது. குளிர்சாதனப் பெட்டியில் செயல் தொடர்ந்து நிகழ்ந்தும் அது குற்றமாகப் பேசப்படவில்லை. ஒருவரிடம் நாம் கண்டது போதையை; மற்றவர்களிடம் கண்டது வசதியை. பிறரின் அமைதியைக் கூடுதலாகக் கெடுத்தவர்கள் இரண்டாம் காட்சியினர் என்பதை அந்த அணையாத விளக்கே சொல்கிறது. 1890-ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கை அணைப்பவரைக் கண்டு அஞ்சியது. இங்கே விளக்கை அணைக்க அஞ்சியவர் பயணி.

மொழி வேறுபாடும் இந்த மதிப்பீட்டில் நுழைகிறது. திருப்பூருக்கு வரும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் மீது கூட்டம், அழுக்கு, போதை ஆகிய பழிகள் எளிதில் சுமத்தப்படுகின்றன. 2023 பிப்ரவரியில் ஓடும் இரயிலில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளரைத் திட்டித் தாக்கும் காணொளி பரவியது. இருப்புப்பாதைக் காவல்துறை அவரைக் கைதுசெய்தது. தொல்லை கொடுப்பவர் என ஊகிக்கப்படுபவரும், உண்மையில் தொல்லை கொடுப்பவரும் எப்போதும் ஒருவரே அல்லர்.

முதிய பெண்மணியின் சொற்கள் எந்த ஆய்வுநூலையும் அறியாதவை. எனினும் நான்காம் பகுதியில் கூறிய அளவுகோல் முழுவதும் அவற்றில் இருக்கிறது. முதல் தொடர் ஏறும் உரிமை. இரண்டாவது தொடர் உடனிருக்கும் கடமை. குடித்தாயா என்று அவர் கேட்கவே இல்லை.

7. பாடலில் இல்லாத பயணி

கிந்தனின் பாடல் எண்ணிப்பார்க்காத ஒரு பயணி உண்டு. சாதிகளை ஒன்றாக ஏற்றும் அந்த இரயிலில் பெண் எங்கே அமர்ந்திருக்கிறாள்? பாடலின் அக்கறை சாதியைப் பற்றியது. ஆகவே அது குறித்த மௌனத்தைக் குற்றமாக்க வேண்டியதில்லை. ஆயினும் பெண் தொழிலாளரைப் பெருமளவில் நம்பியிருக்கும் பின்னலாடை வட்டாரத்திலிருந்து அப்பாடலை வாசிப்பவர் இம்மௌனத்தைக் கடந்து செல்ல இயலாது. முன்பு சொன்ன அளவுகோலும் இங்கேதான் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. முதிய பெண்மணியின் கனிவு அனைவரும் காட்டக்கூடியதன்று. இருபது வயதுப் பெண் ஒருவர் அதே பயணியை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. அவரைப் பொறுத்தவரை, குடித்தவர் இன்னும் எதுவும் செய்யவில்லை என்பது ஆறுதல் ஆகாது. செய்யக்கூடும் என்னும் அச்சமே அவருடைய இருக்கையை ஏற்கெனவே சுருக்கிவிடுகிறது.

இதற்கு நிர்வாகம் கண்ட விடை பிரிவினை. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு மகளிருக்கென இடம் ஒதுக்கக் கோருகிறது. 162-ஆம் பிரிவு அங்கே ஆண்கள் நுழைவதைத் தண்டிக்கிறது. வெளிநாடுகளிலும் இவ்வாறே. டோக்கியோவின் கெய்யோ இரயில் நிறுவனம் 2000 டிசம்பரில் இரவு நேர மகளிர் பெட்டியைத் தொடங்கியதற்கு, ஆண்டிறுதி விருந்துகளில் குடித்துவிட்டு ஏறும் ஆண்களின் பாலியல் தொல்லை ஒரு முதன்மைக் காரணம். இலண்டன் வேறு வழியைத் தேர்ந்தது. 2008 ஜூன் 1 முதல் நகரப் போக்குவரத்து ஊர்திகளில் மது அருந்துதலே தடைசெய்யப்பட்டது. ஒரு நகரம் பாதிக்கப்படுபவரைப் பிரித்து வைத்தது. மற்றொன்று செயலைத் தடுத்தது.

பிரித்து வைத்தலின் வரம்பை 2025 பிப்ரவரி 6 காட்டியது. திருப்பூர் வழியே செல்லும் கோயம்புத்தூர்–திருப்பதி இன்டர்சிட்டியின் மகளிர் பெட்டியில், மற்றப் பெண்கள் இறங்கியபின் தனித்திருந்த கருவுற்ற பெண் ஒருவர், வேலூர் மாவட்டத்தில் ஓடும் வண்டியிலிருந்து தள்ளப்பட்டார். அவருடைய கரு கலைந்தது. குற்றவாளிக்கு அதே ஆண்டு ஜூலையில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இந்நிகழ்வைக் குடியோடு இணைப்பது இங்கு நோக்கமன்று. மாறாக, பெண்களின் பாதுகாப்பின்மையைக் குடி ஒன்றின்மேல் ஏற்றிவிட்டு அமைதியடைய முடியாது என்பதற்கே இது சான்று. தனிப்பெட்டி என்பது பலகை மட்டும் அன்று. அதில் மற்றப் பயணிகளும் காவலும் இருக்க வேண்டும். ஆளற்ற தனிப்பெட்டியில் அணைந்திருப்பது உடன்பயணி என்னும் விளக்கு.

மகளிர் பெட்டி கிந்தனின் கனவுக்கு எதிரானதா? ஒருவகையில் ஆம், ஒன்றாகச் செல்ல வேண்டியவர்கள் பிரிந்து செல்கின்றனர். ஆனால் பொதுப்பெட்டி பெண்ணுக்கு உரிய இருக்கையைத் தராதவரை, மகளிர் பெட்டியைக் குறை கூறும் உரிமை பொதுப்பெட்டிக்கு இல்லை. அது கனவின் தோல்வி அன்று; கனவு முடிவடையவில்லை என்பதன் அடையாளம்.

8. முடிவுரை

‘கிந்தனார்’ இரயிலையும் ‘நல்லதம்பி’ மதுவிலக்கையும் சேர்த்து வாசித்ததில் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

நந்தன் மரபில் நுழைவுக்கு விலையாக இருந்தது ஒருவர் தம்மையே மாற்றிக்கொள்ளுதல். கிந்தன் மரபில் அவ்விலை சீட்டாகச் சுருங்குகிறது. தமிழ்ப் பொதுவெளிச் சிந்தனைக்கு உடுமலை நாராயணகவியின் முதன்மையான பங்களிப்பாக இதனைக் கருதலாம்.

குடித்த பயணியைப் பற்றிய பேச்சு, செய்பவரின் தகுதியை அளக்கும்போது பழைய தீயை மீட்டெடுக்கிறது. உடன்பயணியின் இழப்பை அளக்கும்போது கிந்தனின் இரயிலைக் காக்கிறது. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு இவ்விரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறது. நிலையையும் செயலையும் பிரித்து, செயலுக்குரிய தண்டனையைக் கடுமையாக்கி, நிலைக்குத் தண்டனையினும் பாதுகாப்பான கவனிப்பை முதன்மையாக்குவது அப்பாடலின் உணர்வுக்கு நெருக்கமானது. இவ்வளவுகோல் குளிர்சாதனப் பெட்டிக்கும் பொதுப்பெட்டிக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

பெண் பயணியின் அச்சம் இவ்வாதத்திற்கு வெளியே நிற்கும் விதிவிலக்கு அன்று, வாதத்தின் உரைகல். அவர் விளக்கை அணைத்துவிட்டு உறங்கக்கூடிய பெட்டியே, நாராயணகவி பாடிய இரயிலின் பெட்டி. உடுமலை நிலையத்தில் வண்டி நிற்பது சில நிமிடங்களே. அதற்குள் ஏறுபவரைப் பார்த்து நாம் கேட்கும் முதற்கேள்வி எது என்பதில்தான் அந்தப் பெட்டி உருவாவதும் உருவாகாமற் போவதும் இருக்கிறது.